குடிக்காத நேரத்திலும் தள்ளாடுகிறாரே!

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. மூன்று நாட்களாக, குடிக்காத காலை நேரத்திலும் தள்ளாடுகிறார். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். வீட்டை விட்டே நகராதவர், "நேற்று மதுரை போய் அண்ணனைப் பார்த்தேன்" என்கிறார். அல்சைமரா? நகத்தில் வெள்ளைப் புள்ளிகளும் உள்ளன. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுக்கிறேன். மகனுக்கும் வருமா?

பதில்: அம்மா, அவரை இன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் 108ஐ அழையுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

போதை இல்லாதபோதும் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம். குடிப்பவரிடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலே 'வெர்னிக்கே' மூளைப் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். விரலைக் காட்டிப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கருவிழி நிலைகொள்ளாமல் துடிக்கும். நடக்கும்போது கால்களை அகட்டி வைத்துச் சுவரைப் பிடிப்பார். காரணம், தயமின் என்னும் வைட்டமின் பி1 பற்றாக்குறை. உடலில் அதன் இருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான்; உணவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். மது, குடல் அதை உறிஞ்சுவதையும் கெடுக்கிறது. அதனால்தான் உங்கள் மாத்திரை இப்போது போதாது. நரம்பு வழியாக அதிக அளவில் ஊசியாகவே செலுத்த வேண்டும்.

தெருமுனை கிளினிக்கில் "உடம்பு தேற ஒரு பாட்டில் குளுக்கோஸ்" ஏற்றச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். குளுக்கோஸை எரிக்கத் தயமின் தேவை. மிச்சமிருப்பதும் அதில் செலவாகி மூளை இன்னும் மோசமாகலாம். குளுக்கோஸ் தேவைப்பட்டாலும் தயமின் அதற்கு முன்போ, கூடவேயோ போக வேண்டும். இதை மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மதுரைக் கதை பொய்யல்ல. நினைவில் விழுந்த இடைவெளியை மூளை தானாக நிரப்புகிறது. அவருக்கு அது நடந்ததாகவே தோன்றும். அவரோடு வாதாடாதீர்கள். பாதிப்பு, நினைவாற்றல் நீண்ட காலத்துக்குக் கெடும் 'கோர்சகாஃப்' நிலையை நெருங்குவதன் அடையாளம் அது. அவர் புத்தி திரும்புமா என்பதுதான் உங்கள் உண்மையான பயம். உடனே ஊசி போட்டால் பார்வை பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். நடை சீராக வாரங்கள் ஆகும். நினைவு மெதுவாகத்தான் மீளும், முழுதாக மீளாமலும் போகலாம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அதைத்தான் தின்கிறது.

அல்சைமர் மூன்று நாட்களில் வந்து ஆளைத் தள்ளாட வைக்காது. கைபேசியில் நோய் தேடுவதை நிறுத்துங்கள். நகப் புள்ளிகளை மறந்துவிடுங்கள். மகனுக்குத் தொற்றவோ பரம்பரையாக வரவோ இது அந்த வகை நோயல்ல.

வீட்டிலேயே குடியைச் சட்டென நிறுத்தவும் முயலாதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம். அதையும் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதைக் கூச்சப்பட்டு மறைக்காமல் அங்கே சொல்லுங்கள்.