ஒரு சாண் நகர்ந்தால் சிக்னல் வருவது ஏன்? நிகழ்தகவுக் கேள்வி-பதில்

கேள்வி: சமவாய்ப்புக் கட்டம் (random phase, அலை தொடங்கும் கோணம் தற்செயலானது) கொண்ட கோசைன் அலையை ஸ்டேஷனரி (சராசரி போன்ற பண்புகள் நேரத்தோடு மாறாதது) என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண் கிடைக்கவில்லையே?

பதில்: வினாவில் கட்டத்தின் எல்லை என்ன என்று பாருங்கள். 0 முதல் 360 டிகிரி வரை சீராகப் பரவியிருந்தால் சராசரி எந்நேரமும் சுழி. நீங்கள் எழுதியது சரி. 180 டிகிரியோடு நின்றுவிட்டால் சராசரியே ஒரு சைன் அலையாக ஆடும். பிறகு ஸ்டேஷனரி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் ஒரு பொறி உண்டு: 180 டிகிரியிலும் ஆட்டோகோரிலேஷன் (இரு நேரங்களில் அலையின் மதிப்புகளுக்கு உள்ள தொடர்பின் அளவு) நேர இடைவெளியை மட்டுமே சார்ந்து வரும். அதை மட்டும் போட்டுப் பார்த்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள். முதலில் சராசரியைப் போடுங்கள்.

கேள்வி: மொபைலில் குரல் அறுந்துபோகிறது, ஒரு சாண் நகர்ந்தால் சரியாகிவிடுகிறது. டவர் அங்கேயேதானே இருக்கிறது?

பதில்: சுவரிலும் கூரையிலும் வாகனங்களிலும் பட்டுச் சிதறிய அலைகள் வெவ்வேறு கட்டத்தில் வந்து கூடுகின்றன. நேரடிப் பாதை இல்லாதபோது அவற்றின் மொத்த வீச்சு (அலையின் உயரம்) ராலே (Rayleigh) என்ற நிகழ்தகவுப் பரவலையும், திறன் அடுக்குக்குறிப் (exponential) பரவலையும் பின்பற்றும். திறன் தன் சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழ ஏறத்தாழ 9.5 சதவீத வாய்ப்பு உண்டு. 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர். அதில் பாதி தூரம் நகர்ந்தாலே கூட்டல் புதிதாகிவிடும்.

அந்த இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்களை வைத்தால் இரண்டும் ஒருசேர விழும் வாய்ப்பு 0.9 சதவீதமாகக் குறைகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஆனால் ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளுக்கு மட்டுமே இந்தப் பெருக்கல் செல்லும். ஆன்டெனாக்களை நெருக்கி வைத்துவிட்டு வாய்ப்புகளைப் பெருக்குவது பெருந்தவறு. புராஜெக்ட் அறிக்கைகளில் அதை அடிக்கடி காண்கிறேன்.

கேள்வி: ஸ்டேஷனரி என்றாலே எர்காடிக்தானா (ஒன்றை நெடுநேரம் அளந்த சராசரியே எல்லாவற்றின் சராசரியும் ஆகுமா)?

பதில்: இல்லை. வெவ்வேறு வோல்ட்டேஜ் கொண்ட பேட்டரிகள் நிறைந்த பெட்டியில் ஒன்றை எடுத்து எவ்வளவு நேரம் அளந்தாலும் அதன் வோல்ட்டேஜ்தான் கிடைக்கும், பெட்டியின் சராசரி கிடைக்காது. வோல்ட்டேஜ் நேரத்தோடு மாறாததால் அது ஸ்டேஷனரிதான், ஆனால் எர்காடிக் அல்ல.

கேள்வி: இரைச்சல் என்றாலே காசியன் (மணி வடிவப் பரவல்) என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வெப்ப இரைச்சலுக்குத் தாராளமாக எடுக்கலாம். எண்ணற்ற எலக்ட்ரான்களின் ஒழுங்கற்ற அசைவுகள் கூடுவதால் மைய எல்லைத் தேற்றம் (சாராத பல சிறு அசைவுகளின் கூட்டல் காசியனை நெருங்கும் என்பது) அங்கே பொருந்துகிறது. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார். நைக்விஸ்ட் அதற்குக் கோட்பாடு தந்தார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. மின்னலும் மோட்டாரின் தீப்பொறியும் எழுப்பும் இரைச்சல் வேறு வகை. அதில் பெரிய துடிப்புகள் காசியன் சொல்வதைவிட அடிக்கடி வரும்.

கேள்வி: தொலைபேசி அழைப்புகள் எப்போதும் பாய்சான் பரவலில்தான் (ஒன்றையொன்று சாராமல் மாறா வீதத்தில் வரும் நிகழ்வுகளின் எண்ணிக்கைப் பரவல்) வருமா?

பதில்: கோபன்ஹேகனில் டேனிஷ் கணிதவியலாளர் எர்லாங் 1909இல் காட்டியது, பலர் தத்தம் காரியமாக அழைக்கும் சாதாரண நேரத்துக்குச் சரி. புத்தாண்டு நள்ளிரவில் எல்லோரும் ஒரே காரணத்துக்காக ஒரே நேரத்தில் அழைக்கிறார்கள். அழைப்பு வீதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. மாறா வீதத்தை வைத்து இணைப்புகளைத் திட்டமிட்டால் அந்த இரவில் அவை போதாது.