வாசகர் கேள்வி பதில்: கம்பெனி ஆரம்பிச்சவங்க கதை

கேள்வி: என் மகன் பினாங்குல கம்ப்யூட்டர் படிக்கிறான், ரெண்டாவது வருஷம், பிடிபிடிஎன்னு அரசாங்கம் குடுக்கற படிப்புக் கடன்லதான் படிப்பு. இப்ப எல்லாத்தையும் விட்டுட்டு ஆப் செய்யப் போறேங்கறான். கேட்டா பில் கேட்ஸ், ஸக்கர்பெர்க் கூட பாதியில விட்டவங்கதானேன்னு சொல்றான். நான் என்ன சொல்றது?
(ஓர் அம்மா, செந்தூல்)

பதில்: மகன் சொல்றது உண்மைதாம்மா, ஆனா பாதிக் கதை. பில் கேட்ஸ் 1975ல ஹார்வர்ட விட்டு கிளம்பினப்ப அவரும் கூட்டாளி பால் ஆலனும் எழுதின, 'பேசிக்'ங்கற கம்ப்யூட்டர் மொழிக்கான சாஃப்ட்வேருக்கு எம்ஐடிஎஸ்னு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஏற்கெனவே கிடைச்சிருச்சு, அதுவும் லீவு எடுத்துட்டுத்தான் போனாரு, வேணும்னா திரும்பி வரலாம், அப்பா வேற சியாட்டில்ல பெரிய வக்கீல். ஸக்கர்பெர்க் 2004ல போனப்ப ஃபேஸ்புக் பல காலேஜ்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்த வருஷமே பீட்டர் தீல்னு ஒரு முதலீட்டாளர் 5 லட்சம் டாலர் போட்டாரு. ரெண்டு பேருமே முதல்ல செஞ்சு காட்டினாங்க, அதுக்கு ஆள் வந்துச்சு, அப்புறம்தான் படிப்ப விட்டாங்க.

பையன்கிட்ட சண்டை போடாதீங்க. ஆப்ப இப்ப யாரு யூஸ் பண்றாங்கன்னு மட்டும் கேளுங்க. காசு குடுத்து யூஸ் பண்ற பத்து பேர் இருந்தாலே நல்ல சேதிதான், அப்ப ஒரு செமஸ்டர் தள்ளிப்போட யூனிவர்சிட்டில வழி இருக்கான்னு விசாரிக்கட்டும், கடன் என்னாகும்னு பிடிபிடிஎன்ல எழுத்துல கேட்டு வாங்கட்டும். யாருமே இல்லன்னா கிளாஸ் முடிஞ்சு ராத்திரியில செய்யட்டும், ஏன்னா ஆப் ஓடலைன்னாலும் கடன் அவன் பேர்லதான் இருக்கும், மாசாமாசம் வெள்ளி கட்டித்தான் ஆகணும்.

கேள்வி: டெக்ஸி கூப்பிடற கிராப் ஆப் நம்ம கேஎல் கம்பெனியா, சிங்கப்பூர் கம்பெனியா?
(கல்லூரி மாணவர், பூச்சோங்)

பதில்: பொறந்தது இங்கதான் தம்பி. அந்தோணி டான், டான் ஹூய் லிங் ரெண்டு பேரும் மலேசியர்கள், ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல ஒண்ணா படிச்சவங்க. 2011ல அங்க நடந்த பிசினஸ் பிளான் போட்டியில ரெண்டாவதா வந்தாங்க, 2012 ஜூன்ல கிராப மைடெக்ஸிங்கற பேர்ல இங்க ஆரம்பிச்சாங்க, புதுக் கம்பெனிங்களுக்கு காசு குடுத்து உதவற அரசாங்கத்தோட கிராடல் ஃபண்டும் ஆரம்பத்துலயே கை கொடுத்துச்சு. ராத்திரி நேரத்துல பொம்பளைங்க தனியா டெக்ஸி ஏறவே பயந்தாங்க, அந்த பயத்துக்கு பதில் தேடித்தான் இந்த யோசனையே வந்துச்சு. 2014ல தலைமை ஆபீஸ் சிங்கப்பூர் போயிருச்சு, 2018ல ஊபரோட தென்கிழக்காசிய தொழிலயே வாங்கிட்டாங்க.

அந்தோணி டான் குடும்பம் நிசான் கார் விக்கிற டான் சோங் குடும்பம், அதனால அவரப் பத்தி நிறைய எழுதறாங்க. எனக்கு மனசுல நிக்கிறது ஹூய் லிங்தான். அவங்க எம்பிஏ செலவ மெக்கின்ஸிங்கற கன்சல்டிங் கம்பெனி ஏத்துக்கிட்டதால, பதிலுக்கு வேலை செஞ்சு குடுக்கணும்ங்கற பாண்ட் முடிக்க அங்கயே திரும்பிப் போய் வேலை செஞ்சாங்க, கிராபுக்கு முழு நேரமா வந்தது 2015ல. ஸ்காலர்ஷிப் பாண்ட்ல மாட்டிக்கிட்டோம்னு கவலப்படற நம்ம புள்ளைங்க இவங்க கதைய கட்டாயம் படிக்கணும்.

கேள்வி: இந்த வரிசையில நம்ம தமிழர் யாராச்சும்?
(வாசகர், ஈப்போ)

பதில்: ஆனந்த கிருஷ்ணன். 1938ல பிரிக்பீல்ட்ஸ்ல பொறந்தவரு, மேக்சிஸ் ஃபோன், ஆஸ்ட்ரோ டிவி, மியாசாட் சாட்டிலைட் எல்லாம் அவர் கொண்டு வந்ததுதான். 2024 நவம்பர்ல காலமானாரு.

கேள்வி: எங்கம்மா பினாங்கு பாயான் லெப்பாஸ்ல சிப் ஃபேக்டரில பல வருஷம் ஆப்பரேட்டரா இருந்தாங்க. சிப் கம்பெனி முதலாளிங்க பேரு எல்லாருக்கும் தெரியுது, எங்கம்மா மாதிரி ஆளுங்கள யாரு நினைக்கிறாங்க?
(வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தேன். ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் இன்டெல்ங்கற சிப் கம்பெனிய ஆரம்பிச்சது 1968ல, அமெரிக்காவுக்கு வெளிய அவங்க கட்டின முதல் ஆலை பாயான் லெப்பாஸ்ல வயக்காடா இருந்த நெலத்துல, 1972ல. 1975ல அந்த ஆலை தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு, ஆனாலும் கம்பெனி பினாங்க விட்டுப் போகல, கைத்தொழில் தெரிஞ்ச ஆளுங்களும் இங்கதான் இருந்தாங்க. மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சு தலமுடிய விட மெல்லிசான கம்பிய சிப்புல சேர்த்தது உங்கம்மா மாதிரி பொண்ணுங்கதான், எஸ்டேட்ட விட்டு வந்த நம்ம பொண்ணுங்க எத்தனையோ பேருக்கு கையில சொந்தமா சம்பளம் வந்ததும் அந்த வேலையிலதான். இன்டெல் வரலாற்ற எழுதறவங்க நாய்ஸுக்கும் மூருக்கும் குடுக்கற பக்கத்துல பத்துல ஒண்ணாவது இவங்களுக்கு குடுக்கணும்.

நீங்க ஒண்ணு செய்ங்க. அம்மா பக்கத்துல உக்காந்து கேட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, எந்த லைன், எந்த மெஷின், ஷிப்ட் எத்தன மணி, முதல் சம்பளம் எவ்வளவு, ஃபேக்டரி பஸ் எங்க நின்னுச்சு, கூட வேலை செஞ்சவங்க யாரு யாருன்னு எல்லாமே. எழுதி அனுப்புங்க, இங்க போடறோம்.