மழை பெய்தால் பையன் தூங்குவதில்லை

கேள்வி: 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நடந்த நிலச்சரிவில், சூரல்மலையில் இருந்த என் அக்கா வீடு போய்விட்டது. மாமாவின் உடல் கிடைக்கவில்லை. அக்காவும் அவளுடைய ஒன்பது வயது மகனும் இப்போது பந்தலூரில் எங்களோடு இருக்கிறார்கள். பத்து மாதமாகியும் அக்கா வாய்விட்டு அழவில்லை. மாமாவுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். பையன் மழை பெய்தால் தூங்குவதில்லை, படுக்கையை நனைக்கிறான். தெரிந்த கடையில் தூக்க மாத்திரை வாங்கி அக்காவுக்குக் கொடுக்கிறோம். "பேச வையுங்கள், அழ வையுங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது, அவனால் காத்திருக்க முடியாது.

அன்று சூரல்மலைக்குப் பக்கத்து ஊரான முண்டக்கைக்கு மேலிருந்து மலை சரிந்து வந்தது நள்ளிரவு தாண்டிய நேரம். விடாத மழை, இருட்டு, எல்லோரும் அசந்த தூக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபத்து என்று அவன் உடம்பு அன்றைக்குப் படித்துக்கொண்டது. அதனால்தான் மழைச் சத்தம் கேட்டதும் விழித்துக் காவல் இருக்கிறான். இது அடமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. படுக்கை நனைவதும் இதே பயத்தால் இருக்கலாம். திட்டாதீர்கள், அடுத்தவர் முன்னால் அதைப் பேசவும் வேண்டாம். சிறுநீரில் கிருமித் தொற்று உண்டா என்று மட்டும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

"ஒன்றும் ஆகாது, தூங்கு" என்று சொல்லி அவனைச் சமாதானம் செய்ய முடியாது. பந்தலூரும் மலைதான், அது அவனுக்குத் தெரியும். பெருமழை வந்தால் நாம் என்ன செய்வோம் என்று காட்டுங்கள். டார்ச், செருப்பு, ஒரு பை கதவருகே இருக்கட்டும். எந்த வழியாக யார் வீட்டுக்குப் போவோம் என்று பகலில் அவனோடு நடந்தே பாருங்கள். எச்சரிக்கை வந்தால் உண்மையிலேயே கிளம்புங்கள். மழை இரவுகளில் பெரியவர் ஒருவர் அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். போனில் நிலச்சரிவு வீடியோக்களை அவன் கண்ணில் படும்படி யாரும் ஓட்ட வேண்டாம். பள்ளிக்கூடம், விளையாட்டு, சாப்பாட்டு நேரம் இவை நாள் தவறாமல் நடப்பதே அவனுக்குப் பெரிய மருந்து. அவனுடைய வகுப்பு ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் அக்கா. தயவுசெய்து அவரை அழச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். 2005 தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் சுனாமி நிவாரண முகாம்களில் வேலை செய்தேன். நல்ல மனதோடுதான் பல குழுக்கள் வந்தன. ஆனால் ஒவ்வொரு குழுவும் அதே பிள்ளைகளை உட்காரவைத்து, "அலை வந்தபோது என்ன பார்த்தாய்?" என்று கேட்டது. மூன்றாவது குழுவின் வண்டியைப் பார்த்ததும் ஒரு சிறுமி ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை நான் மறக்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டவைத்தால் மனம் ஆறிவிடும் என்பது அன்றைக்குப் பரவலான நம்பிக்கை. இன்று உலக சுகாதார நிறுவனமே அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறது. பேச வந்தால் கேளுங்கள், பேசாவிட்டால் அவரோடு உட்கார்ந்து காய் நறுக்குங்கள்.

உடல் கிடைக்காத சாவு ரொம்பக் கொடுமையானது. சாலியாற்றில் பக்கத்து மாவட்டமான மலப்புரத்தின் நிலம்பூர் வரை உடல்கள் அடித்துப் போயின. வயநாட்டிலேயே உள்ள புத்துமலையில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இட்டு அடக்கம் செய்தார்கள், சிலரை மரபணுச் சோதனைக்குப் பிறகே அடையாளம் கண்டார்கள். இதையெல்லாம் பார்த்த மனது, "ஒருவேளை" என்ற சொல்லை எப்படி விடும்? அவர் வைக்கும் அந்த உலை பைத்தியக்காரத்தனம் இல்லை. தாலியைக் கழற்று, கருமாதியை முடி என்று நாள் குறிக்காதீர்கள். எதை எப்போது செய்வது என்று அவரே சொல்லட்டும்.

ஆனால் பத்து மாதம் ஆகிவிட்டது என்பதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகும் துயரம் ஒருவரின் அன்றாடத்தையே முடக்கிப்போட்டால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. அக்கா குளிக்கிறாரா, சாப்பிடுகிறாரா, மகனைக் கவனிக்க முடிகிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், பையனையும் கூட்டிப்போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். "நானும் அவரோடு போயிருக்கலாம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

கடையில் வாங்கும் தூக்க மாத்திரை எனக்குக் கவலை தருகிறது. அல்பிரசோலம் போன்றவை பழக்கமாகிவிடும், துக்கத்துக்கு அவை மருந்தும் அல்ல. ஆனால் மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள், படிப்படியாகக் குறைப்பார். அதுவரை மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னும் கொஞ்ச நாளில் ஜூலை 30 வரும். அதற்கு முன்பே இருவருக்கும் தூக்கம் கெடலாம், எரிச்சல் கூடலாம். அன்று புத்துமலைக்குப் போக வேண்டுமா, வீட்டில் விளக்கேற்றினால் போதுமா, ஒன்றுமே வேண்டாமா என்று அக்காவிடம் இப்போதே கேட்டுவையுங்கள். பையனைத் தனியாகக் கேளுங்கள். அவன் வரமாட்டேன் என்றால், அவனுக்குப் பிடித்த யாராவது அன்று அவனோடு வீட்டில் இருக்கட்டும்.