மரபணு மாற்றிய பயிரும் நம் சாப்பாட்டுத் தட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பேரங்காடியில் வாங்கும் டோஃபு, சமையல் எண்ணெய் எதிலும் ‘மரபணு மாற்றியது’ என்று போட்டிருப்பதில்லை. யாராவது சோதித்துத்தான் விற்கிறார்களா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: சோதிக்கிறார்கள், ஆனால் கடையில் அல்ல. சோயாவோ மக்காச்சோளமோ, மரபணு மாற்றிய ஒவ்வொரு ரகமும் இங்கே உணவாக விற்பனைக்கு வருமுன் தனித்தனியே சிங்கப்பூர் உணவு அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும். அறிவியல் பரிசீலனையில் 1999 முதல் இயங்கும் மரபணு மாற்ற ஆலோசனைக் குழுவுக்குப் பங்குண்டு.

நிறுவனம் கொடுக்கும் ஆவணத்தில், மரபணு எந்த உயிரிலிருந்து வந்தது, பயிருக்குள் எந்த இடத்தில் எத்தனை பிரதியாக உட்கார்ந்திருக்கிறது, என்ன புரதத்தை உண்டாக்குகிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். புதிய புரதத்தை, ஒவ்வாமை தரும் என்று தெரிந்த புரதங்களோடு ஒப்பிடுவார்கள். 80 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டில் 35 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் மேற்கொண்டு ஆராய வேண்டும். இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சின் கலந்த செயற்கை இரைப்பைச் சாற்றில் செரிக்காமல் நின்றாலும் அப்படியே. இந்தச் சோதனைகள் வெறும் சடங்கல்ல. சோயாவின் சத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்தபோது, கொட்டையின் ஒவ்வாமையும் சோயாவுக்குள் வந்துவிட்டது. 1996இல் ஆய்வு முடிவு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை.

மரபணு மாற்றத்தைச் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என்று இங்கே தனி விதி இல்லை. ஒரு வரியாவது போட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஒப்புதல் பெற்றது பாதுகாப்பானதுதான். ஆனாலும் வாங்குபவருக்குத் தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. ஒரு சிக்கல் இருக்கிறது. சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ டிஎன்ஏவோ ஏறக்குறைய மிஞ்சாது. எண்ணெயைச் சோதித்து உண்மை காண முடியாது. விதை வந்த வழிக்கான ஆவணச் சங்கிலிதான் ஒரே சாட்சி.

கேள்வி: உள்ளரங்குப் பண்ணையில் மரபணுத் திருத்தம் செய்த சாய் சிம் கீரை வளர்க்க எண்ணுகிறோம். இதற்கும் அதே ஒப்புதல்தானா?
– வாசகர், லிம் சூ காங்

பதில்: மரபணுத் திருத்தம் என்பது செடியின் சொந்த மரபணுவிலேயே குறித்த இடத்தை வெட்டி மாற்றுவது. ஒப்புதல், செடியில் வெளி மரபணு மிச்சமிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இருந்தால் அது மரபணு மாற்றிய பயிர். முழுப் பரிசீலனை உண்டு. திருத்தப் பயிர்களுக்கென்று 2024இல் தனி நடைமுறை வந்தது. வெளி டிஎன்ஏ ஏதும் இல்லாமல், வழக்கமான கலப்பினத்திலும் வரக்கூடிய மாற்றம் மட்டுமே இருந்தால் வழி எளிது. இது சரியான அணுகுமுறை என்றே நினைக்கிறோம். எந்தக் கருவியால் செய்தார்கள் என்பதைவிட, செடிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்பதுதான் சாப்பிடுபவருக்கு முக்கியம்.

ஆனால் ‘ஏதும் இல்லை’ என்று நிரூபிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கத்தரிக்கோலாக வேலை செய்யும் காஸ்9 மரபணுவைச் செடிக்குள் செலுத்தியிருந்தால், வேலை முடிந்ததும் அதை வெளியேற்ற வேண்டும். அது ஓரிடத்தில் மட்டும் நுழைந்திருந்தால், தன்மகரந்தச் சேர்க்கையில் வரும் நாற்றுகளில் நான்கில் ஒன்றில் இருக்காது. 40 நாற்றுக்குச் சுமார் 10. சாய் சிம்மில் இது அவ்வளவு லேசில்லை. அந்த இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. மலருமுன் மொட்டைப் பிரித்துக் கையால் மகரந்தம் இட வேண்டும். இதற்குக் கூடுதல் ஆளும் நாளும் ஒதுக்குங்கள்.

அடுத்து, காஸ்9 இருக்கிறதா என்று மட்டும் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். அதைச் சுமந்து வந்த பிளாஸ்மிடின் (பாக்டீரியாவின் சிறு வட்ட டிஎன்ஏ) துண்டுகள் வேறிடத்தில் ஒட்டியிருக்கலாம். அமெரிக்காவில் கொம்பில்லாமல் திருத்திய மாட்டில் பாக்டீரியாவின் பிளாஸ்மிடும், அதிலிருந்த நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணுவும் இருந்தது 2019இல்தான் வெளிப்பட்டது. முழு மரபணு வரிசையைப் படித்து, பிளாஸ்மிட் வரிசையோடு ஒப்பிடுங்கள். திருத்தம் செய்யும் ஆய்வுக்கூடத்தில் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வேண்டும். விதை கைக்கு வந்தபின் உணவு அமைப்பிடம் போகாமல், திட்டமிடும்போதே பேசிவிடுங்கள். மரபணு மாற்றிய உணவுக்கும் புதுவகை உணவுக்கும் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, கட்டம் கட்டமாக நடப்புக்கு வருகிறது.

கேள்வி: ஊரில் பிடி பருத்தியையே புழு தின்கிறது என்கிறார்கள். சோதித்து அனுமதித்த பயிர் எப்படித் தோற்றது?
– வாசகர், ஈசூன்

பதில்: பிடி பருத்தி என்பது, ‘பிடி’ என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்ததால் புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பருத்தி. அனுமதியில் இருந்த நிபந்தனை வயலில் நிற்கவில்லை. 2002இல் இந்தியாவில் பிடி பருத்தி வந்தபோது, 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் பொட்டலத்தில் கொடுத்தார்கள். அதை வயலைச் சுற்றி விதைக்க வேண்டும். அங்கே வளரும் எதிர்ப்பில்லாத அந்துப்பூச்சிகள் (புழுவின் வளர்ந்த நிலை), பிடி நஞ்சைத் தாங்கிப் பிழைத்தவற்றோடு கலந்து, எதிர்ப்புத் தன்மை பெருகாமல் தடுக்கும். ஆனால் அந்த வரிசைகளில் விளைச்சல் புழுவுக்குப் போகும். நஷ்டஈடு தருவார் இல்லை. பலர் விதைக்கவில்லை. விவசாயியை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

இன்னொரு காரணம், அங்கே பயிரானது வீரிய ஒட்டு ரகம். ஒரே காய்க்குள் சில விதையில் நஞ்சு இருக்கும், சிலவற்றில் இருக்காது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு இரண்டையும் தின்று மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. அமெரிக்காவிலோ பிடி பருத்தியோடு மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு, தொடர்ந்து கண்காணித்தார்கள். அதே புழு அங்கே ஒழிந்துவிட்டதாக 2018இல் அறிவித்தார்கள். இந்தியாவில், சாதாரண விதையைத் தனிப் பொட்டலமாகக் கொடுக்காமல் பிடி விதையோடு கலந்தே விற்கும் முறை பிற்பாடு வந்தது. அதை முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டும்.