ஆக்டாவை வீழ்த்தியது வதந்தியா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் சட்டம் படிக்கும் மாணவன். 2012இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தள்ளுபடி செய்த ஆக்டா ஒப்பந்தத்தைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. போலிப் பொருட்களைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, பதிப்புரிமைக் கெடுபிடியை நாடுகளுக்கு இடையிலான சட்டமாக்க முயன்ற ஒப்பந்தம் அது. இளைஞர்கள் தெருவில் இறங்கியதால் விழுந்தது என்றேன். எங்கள் ஆசிரியர் சிரித்துவிட்டார். "வதந்தியால் ஜெயித்த போராட்டம் அது. மூன்று முறை மாட்டினால் இணைய இணைப்பைத் துண்டிப்பார்கள் என்று கத்தினார்கள். கடைசி வரைவில் அப்படி ஒரு வரியே கிடையாது" என்றார். எடுத்துப் பார்த்தேன். இல்லைதான். அப்படியானால் எதை எதிர்த்து அத்தனை பேர் திரண்டார்கள்? இந்தியா கையெழுத்தே போடாத ஒன்றை நாம் ஏன் படிக்க வேண்டும்? நாளை இப்படி ஒரு வரைவு கசிந்து கைக்கு வந்தால் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஒரு சட்ட மாணவர், மதுரை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆசிரியர் சொன்னதில் பாதி சரி. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். 2012 பிப்ரவரியில் ஐரோப்பாவில் சுற்றிய காணொளிகளிலும் துண்டறிக்கைகளிலும் கணிசமானவை பழைய வரைவுகளை வைத்துத் தயாரானவை. 2010 ஜனவரித் தேதியிட்ட வரைவில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. இணையச் சேவை நிறுவனம் சட்டப் பொறுப்பிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டு, திரும்பத் திரும்ப மீறுபவரின் கணக்கை முடித்துவிடுவது. இறுதி வரைவுக்குள் அது காணாமல்போனது. விமான நிலையத்தில் சுங்கக்காரர் உங்கள் ஐபாடைப் பிடுங்கிப் பாட்டுகளைச் சோதிப்பார் என்ற பேச்சும் மிகைதான். ஆனால் பயணியின் பெட்டியில் இருக்கும் சிறு அளவுப் பொருட்களை நாடுகள் 'விலக்கலாம்' என்றுதான் 14ஆம் பிரிவு சொன்னது, 'விலக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. ஆசிரியரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

அந்த அடிக்குறிப்பு போனபின் மிஞ்சிய 45 பிரிவுகளில்தான் விஷயம் இருக்கிறது. பிரிவு 23 'வணிக அளவிலான' மீறலுக்குக் குற்றவியல் தண்டனை கேட்கிறது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தில் 61ஆம் பிரிவிலும் இதே சொல் உண்டு, விளக்கம் இல்லாமல். சீனாவுக்கு எதிராக அமெரிக்கா தொடுத்த வழக்கில் உலக வணிக அமைப்பின் தீர்ப்புக் குழு 2009 ஜனவரியில் அதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தது: குறிப்பிட்ட பொருளுக்குக் குறிப்பிட்ட சந்தையில் வழக்கமாக நடக்கும் வணிகத்தின் அளவோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். ஆக்டா இதைத் தாண்டிப் போனது. நேரடியாகவோ மறைமுகமாகவோ பொருளாதார ஆதாயத்துக்காகவோ வணிக ஆதாயத்துக்காகவோ செய்யப்படும் வணிகச் செயல் என்றாலே போதும், அது வணிக அளவுதான். மாதத்துக்குச் சில யூரோ விளம்பர வருமானம் வரும் ரசிகர் தளம் இதில் அடங்குமா? இரண்டு பக்கமும் வாதாடலாம். குற்றவியல் சட்டத்தில் இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறது என்றாலே, தளம் நடத்துபவர் வழக்கு வரும்வரை காத்திருக்கமாட்டார், மூடிவிட்டுப் போய்விடுவார். போதாக்குறைக்கு, உடந்தையாக இருப்பதும் குற்றம் என்று அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு சொன்னது. அந்த உடந்தையில் இடம் கொடுத்த சேவை நிறுவனத்தையும் சேர்க்கலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது.

பிரிவு 27இன் 3ஆம் உட்பிரிவு பார்வைக்குச் சாது. வணிகச் சமூகத்துக்குள் 'கூட்டுறவு முயற்சிகளை' ஊக்குவிக்க நாடுகள் முனைய வேண்டும் என்கிறது. நடைமுறையில் இதன் பொருள், உரிமை வைத்திருக்கும் நிறுவனமும் இணைய இணைப்புத் தரும் நிறுவனமும் நீதிபதி இல்லாமல் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பதே. யாரைக் கண்காணிப்பது, எதை நீக்குவது எல்லாம் அந்தப் பேச்சில் முடிவாகும். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய அரசு ஆணை என்று ஒரு காகிதம்கூட இருக்காது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் 2012 ஏப்ரல் 24 அன்று தந்த கருத்துரையில், இது பயனர்களைப் பெரிய அளவில் கண்காணிப்பதில் போய் முடியலாம் என்று எச்சரித்தார். இழப்பீடு பற்றிய பிரிவு 9, உரிமையாளர் முன்வைக்கும் 'பரிந்துரைக்கப்பட்ட சில்லறை விலை'யை நீதிமன்றம் கணக்கில் எடுக்க வழி செய்தது. ஆயிரம் பதிவிறக்கம் என்றால் ஆயிரம் விற்பனை போச்சு என்று கணக்குச் சொல்ல இது போதும்.

ஆக, வதந்தியைக் கழித்தபின்னும் எதிர்க்க வேண்டியது நிறையவே இருந்தது. வதந்தி ஏன் முளைத்தது என்பதையும் ஆசிரியரிடம் கேளுங்கள். முறைப்படி பேச்சுவார்த்தை தொடங்கியது 2008 ஜூனில், ஜெனீவாவில். அரசுகள் வரைவை முதன்முதலாக வெளியிட்டது 2010 ஏப்ரல் 21 அன்று. இடையில் இருந்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும் மக்களுக்குக் கிடைத்தவை கசிவுகள் மட்டுமே. 2008 மே மாதம் விக்கிலீக்ஸ் வெளியிட்ட விவாதக் குறிப்பு முதல் கசிவு. அமெரிக்காவில் தகவல் உரிமைச் சட்டப்படி ஆவணம் கேட்ட அமைப்புக்கு, தேசியப் பாதுகாப்பு காரணமாகத் தர முடியாது என்று 2009 மார்ச்சில் பதில் வந்தது. பாட்டுக்கும் படத்துக்கும் கைப்பைக்கும் என்ன தேசியப் பாதுகாப்போ!

கூட்டம் கூடுவதற்கு முன்பே வேலை பாதி முடிந்திருந்தது. இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக விட்டுவிடும் பகுதி இது. பிரான்சின் இணைய உரிமை அமைப்பான லா கத்ராத்தூர் தூ நெட், பிரஸ்ஸல்ஸில் இயங்கும் ஐரோப்பிய டிஜிட்டல் உரிமை அமைப்பு, மென்பொருள் காப்புரிமைக்கு எதிராக ஏற்கெனவே போராடிப் பழகிய எஃப்எஃப்ஐஐ என்ற அமைப்பு ஆகியவை கசிந்த ஒவ்வொரு வரைவையும் முந்தைய வரைவோடு வரிக்கு வரி ஒப்பிட்டு வெளியிட்டன. 2010 மார்ச் 10 அன்று வெளிப்படைத்தன்மை கோரும் தீர்மானம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 633க்கு 13 என்ற வாக்கில் நிறைவேறியது. 2011 தொடக்கத்தில் ஐரோப்பியச் சட்டப் பேராசிரியர்கள் பலர் கையெழுத்திட்டு, இந்த ஒப்பந்தம் ஐரோப்பியச் சட்டத்தை எங்கெங்கே தாண்டுகிறது என்று பிரிவு எண்களோடு எழுதினார்கள். தெருவில் முழக்கம் எழுந்தபோது உறுப்பினர்களின் மேசையில் வைக்கத் தாள் தயாராக இருந்தது.

தெருவை எழுப்பியது போலந்து. 2011 அக்டோபர் 1 அன்று டோக்கியோவில் அமெரிக்கா, ஜப்பான் உட்பட எட்டு நாடுகள் கையெழுத்திட்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் கையெழுத்திட அனுமதி கிடைத்தது அந்த டிசம்பரில், வேளாண்மை மீன்வள அமைச்சர்களின் கூட்டத்தில். விதிப்படி எந்த அமைச்சர் குழுவும் விவாதமில்லாமல் ஒப்புதல் தரலாம் என்பதால் இதில் சட்ட மீறல் இல்லை. ஆனால் மீன்பிடி ஒதுக்கீடு பேசிய இடத்தில் இணையத்தின் விதி முடிவானது என்று கேள்விப்பட்ட எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2012 ஜனவரி 18 அன்று இணையத்தில் பதிப்புரிமை மீறலைத் தடுக்க அமெரிக்காவில் வந்த சோபா மசோதாவை எதிர்த்து விக்கிப்பீடியா இருண்டது. மறுநாள் மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளம் மூடப்பட்டது. ஜனவரி 26 அன்று போலந்து உட்பட 22 ஐரோப்பிய நாடுகள் டோக்கியோவில் கையெழுத்துப் போட்டன. அதற்குள் போலந்து நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் உறைபனியில் நின்றார்கள். போலந்து நாடாளுமன்றத்துக்குள்ளேயே சில உறுப்பினர்கள், இணையப் போராளிகளின் அடையாளமான கை ஃபாக்ஸ் முகமூடி அணிந்து உட்கார்ந்தார்கள். அதே நாளில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதற்கான அறிக்கையாளர், அதாவது ஒப்பந்தத்தை ஆராய்ந்து பரிந்துரை எழுதும் பொறுப்பில் இருந்த உறுப்பினர், காதர் ஆரிஃப், இந்த நாடகத்தில் பங்கெடுக்கமாட்டேன் என்று விலகினார். பிப்ரவரி 3 அன்று போலந்துப் பிரதமர் டொனால்டு டஸ்க் ஏற்புறுதியை, அதாவது போட்ட கையெழுத்தை நாடு முறைப்படி உறுதிசெய்வதை, நிறுத்திவைத்தார். பிப்ரவரி 11 அன்று ஐரோப்பா முழுதும் ஒரே நாளில் ஊர்வலங்கள். அதற்கு முந்தைய நாளே ஜெர்மனி கையெழுத்தைத் தள்ளிப்போட்டுவிட்டது.

இனிதான் நுட்பம். ஆக்டா பேச்சுவார்த்தை தொடங்கியபோது வணிக ஒப்பந்தங்களில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் பெரிதாகக் குரல் இல்லை. 2009 டிசம்பர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை மாற்றிய லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமானது. ஒப்புதல் என்றால் ஆம் அல்லது இல்லை. ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது. இது எதிர்ப்பாளர்களுக்குக் கிடைத்த வரம். சமரசமாக ஓர் உட்பிரிவை நீக்கிவிட்டு மீதியை நிறைவேற்றும் வழி யாருக்கும் இல்லை. இதைப் புரிந்துகொண்ட வணிக ஆணையர் கரெல் டி குக்ட், பிப்ரவரி 22 அன்று ஒப்பந்தத்தை ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். நீதிமன்றம் எடுக்கும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தெரு ஆறிப்போகும். நாடாளுமன்றமும் தன் பங்குக்கு நீதிமன்றத்தை நாடினால் வாக்கெடுப்பே தள்ளிப்போகும் என்ற நிலையில், நாடாளுமன்றத்தின் பன்னாட்டு வணிகக் குழு மார்ச் 27 அன்று 21க்கு 5 என்று அந்த யோசனையை மறுத்தது. என் கணக்கில் போராட்டம் ஜெயித்த நாள் அதுதான். ஊர்வலம் போன நாளும் அல்ல, இறுதி வாக்கெடுப்பு நாளும் அல்ல.

அந்த வாரங்களில் நடந்த வேலை அலுப்பூட்டுவது. எந்த உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார், முன்பு எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலை லா கத்ராத்தூர் பராமரித்தது. குடிமக்கள் இணையத்திலிருந்தே செலவில்லாமல் உறுப்பினர் அலுவலகத்தை அழைக்க பைஃபோன் என்ற கருவியைக் கட்டியது. தொலைபேசியை எடுப்பவர் அநேகமாக உதவியாளர்தான். அவரிடம் 'இணையத்தைக் காப்பாற்றுங்கள்' என்றால் குறித்துக்கொள்ள எதுவும் இல்லை. '27இன் 3ஆம் உட்பிரிவில் நீதிமன்றத்துக்கு என்ன இடம் என்று உறுப்பினர் கருதுகிறார்?' என்று கேட்டால் அவர் போய் விசாரித்தாக வேண்டும். மே 31 அன்று மூன்று குழுக்கள், ஜூன் 4 அன்று வளர்ச்சிக் குழு, ஜூன் 21 அன்று வணிகக் குழு என ஐந்தும் எதிராகப் பரிந்துரைத்தன. ஜூலை 4 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பூர்கில், 478 பேர் எதிர்த்தார்கள், 39 பேர் ஆதரித்தார்கள், 165 பேர் நடுநிலை. ஆறு நாடுகள் ஏற்புறுதி அளித்தால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும். அளித்தது ஜப்பான் மட்டுமே.

கூட்டம் மட்டும் போதும் என்று நினைத்தால் 2019ஐப் பாருங்கள். பயனர்கள் பதிவேற்றுவதற்குத் தளங்களையே பொறுப்பாக்கிய, ஐரோப்பியப் பதிப்புரிமை நெறியாணையின் 13ஆம் பிரிவை எதிர்த்து மார்ச் 23 அன்று பெரும் ஊர்வலங்கள் நடந்தன. மனுவில் கையெழுத்துகள் 50 லட்சத்தைத் தாண்டின. ஆனால் அது திருத்தக்கூடிய சட்டம். ஏற்கெனவே பேரம் முடிந்து வந்திருந்தது. தனித்தனித் திருத்தங்களை வாக்குக்கு விடலாமா என்ற தீர்மானமே 312க்கு 317 என்று தோற்றது. தவறான பொத்தானை அழுத்திவிட்டோம் என்று சில உறுப்பினர்கள் பிறகு பதிவேட்டில் மாற்றிக்கொண்டார்கள். முடிவு மாறவில்லை.

இந்தியா பற்றிக் கேட்டீர்கள். கையெழுத்துப் போடாததாலேயே நமக்குக் கவலை அதிகமாக இருந்தது. 2008 டிசம்பரில் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த லோசார்டன் மருந்துச் சரக்கை நெதர்லாந்துச் சுங்கம் நிறுத்தியது, காப்புரிமையைக் காட்டி. 2009 மே மாதம் வனுவாட்டுக்குப் போன அமாக்சிசிலினை ஃபிராங்க்ஃபர்ட்டில் நிறுத்தினார்கள். இந்த முறை வணிகச்சின்னம் காரணம், அமாக்சில் என்ற பெயரோடு ஒத்திருக்கிறதாம். இரண்டும் இந்தியச் சரக்கு. இறங்கவேண்டிய நாடுகளில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆக்டா தன் எல்லைக் காவல் பிரிவிலிருந்து காப்புரிமையை விலக்கியது, வணிகச்சின்னத்தை விலக்கவில்லை. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் கடந்துசெல்லும் சரக்கை நிறுத்த அனுமதியும் வைத்தது. இந்தியா 2010இல் உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் மன்றத்தில் இதை எதிர்த்ததற்குக் காரணம் இது.

இணையத்தில் நமக்கு ஒப்பந்தமே தேவைப்படவில்லை, ஒரு இடைக்கால ஆணை போதுமானதாக இருந்தது. ஆக்டா வாக்கெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அதே 2012 மே மாதம், '3' முதலிய படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அடையாளம் தெரியாத பிரதிவாதிகளுக்கு எதிராகத் தந்த ஆணையைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுதாக அடைத்தன. ஜூன் 9 அன்று பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடியோடு நின்றார்கள். ஆனால் பூட்டைத் திறந்தது, இணைய நிறுவனங்கள் நீதிமன்றத்தில் கேட்ட விளக்கம். தளம் முழுவதற்கும் தடை இல்லை, திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே. அந்த முகவரிகளை வழக்குத் தொடுத்தவரே தர வேண்டும் என்று ஜூன் 22 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கசிந்த வரைவு கைக்கு வந்தால் முன்னுரையைப் படிக்காதீர்கள். அதில் எல்லோரும் நல்லவர்கள். கடைசி அத்தியாயத்தைத் திறந்து, எத்தனை நாடுகள் ஏற்றால் நடைமுறைக்கு வரும், பிறகு யார் திருத்தலாம் என்று பாருங்கள். ஆக்டாவில் 36ஆம் பிரிவு ஒரு குழுவை அமைத்து, திருத்தங்களைப் பரிசீலிக்கும் வேலையை அதனிடம் கொடுத்தது. அடுத்து விளக்கப் பிரிவும் அடிக்குறிப்புகளும். சேவை நிறுவனங்களுக்கான பொறுப்பு விலக்கு ஆக்டாவில் ஓர் அடிக்குறிப்பில், அதுவும் 'எடுத்துக்காட்டாக' என்ற சொல்லோடுதான் இருந்தது. பிறகு ஒரு தாளை இரண்டாக மடித்து, 'வேண்டும்' என்று முடியும் கடமைகளை ஒரு பக்கமும் 'லாம்' என்று முடிபவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். உரிமையாளருக்குத் தரும் தீர்வுகள் ஒரு பக்கத்திலும் பயனருக்கான காப்புகள் மறுபக்கத்திலும் குவிந்தால் வரைவின் சாய்வு தெரிந்துவிடும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் வரைவின் தேதியைப் போடுங்கள். புதிய வரைவு வந்தால் பழைய குறிப்பு சுற்றிக்கொண்டிருக்க விடாமல் எடுத்துவிடுங்கள். உங்கள் ஆசிரியர் பிடித்த பிடி அங்கேதான் விழுந்தது.

நம் ஊரில் ஸ்ட்ராஸ்பூர்க் வாக்கெடுப்பு போல ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட இந்திய அரசுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டி வரும்போதுதான், அரசமைப்பின் 253ஆம் பிரிவின்படி, விஷயம் அவைக்கு வரும். மசோதா நிலைக்குழுவுக்குப் போனால் அது பொதுமக்களிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்கும். அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். உங்கள் மடித்த தாள் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.