‘குவெஸ்ட் ஃபார் ஃபயர்’: பார்த்தவர்கள் கேட்டவையும் பதில்களும்

ஜான்-ஜாக் ஆனோ இயக்கி 1981இல் வந்த பிரெஞ்சு-கனடியப் படம். ஜே. எச். ரோனி (மூத்தவர்) எழுதி 1911இல் நூலாக வெளியான பிரெஞ்சு நாவலின் தழுவல். 80,000 ஆண்டுகளுக்கு முன், நெருப்பைக் காக்கத் தெரிந்த, ஆனால் உண்டாக்கத் தெரியாத உலாம் என்ற கூட்டத்தின் நெருப்பு அணைந்துவிடுகிறது. நெருப்பு தேடி நாவோ என்பவனும் இரண்டு தோழர்களுமாக மூன்று பேர் கிளம்புகிறார்கள். கதை அவ்வளவுதான். சில பதில்களில் முடிவும் வருகிறது, பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: சார், நூறு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு வார்த்தை புரியல. எனக்குக் கிடைச்சது சப்டைட்டில் இல்லாத பிரதியா?

இல்லை, படமே அப்படித்தான். பேச்சுக்கு எங்கும் மொழிபெயர்ப்பு கிடையாது. ஆனால் அவர்கள் வாய்க்கு வந்ததை உளறவில்லை. ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்சு’ நாவலாசிரியர் ஆந்தனி பர்ஜெஸ் இந்தப் படத்துக்காகவே சொற்களை உருவாக்கினார். கை, தோள், முகம் எப்படி அசைய வேண்டும் என்பதை வகுத்தவர் விலங்கியலாளர் டெஸ்மண்ட் மாரிஸ். ‘ஆத்ரா’ என்ற ஒலியைக் கவனியுங்கள். அது நெருப்பு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி உரையாடல் தானாக விளங்கும்.

இரண்டாம் முறை பார்ப்பதானால், காது கேளாதோருக்கான எழுத்து வசதியை அணைத்துவிடுங்கள். ‘உறுமுகிறான்’, ‘முனகுகிறான்’ என்று கீழே ஓடிக்கொண்டிருந்தால் கண் எழுத்துக்குப் போய்விடும். இங்கே செய்தி இருப்பது கையிலும் தோளிலும்தான். தமிழில் விளக்கக் குரல் சேர்த்த சுருக்கக் காணொளிகளையும் தவிர்க்கலாம். படம் வேண்டுமென்றே எடுத்துவிட்டதை அவை திரும்பச் சேர்க்கின்றன.

கேள்வி: நாவலைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது தழுவலே அல்ல. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதை செய்திருக்கிறார்கள். உங்கள் கருத்து?

பாதி ஒப்புக்கொள்கிறேன். நாவலில் நாவோவுடன் போகிறவர்கள் நாம், காவ். படத்தில் நாமின் இடத்தில் அமூக்கார் வருகிறான். நாவலில் நெருப்பைக் கொண்டுவருபவனுக்குத் தலைவன் தன் சகோதரி மகள் கம்லாவைத் தருவதாக வாக்குக் கொடுக்கிறான். போட்டிக்கு அகூவும் அவன் சகோதரர்களும் புறப்படுகிறார்கள். படத்தில் கம்லா இல்லை. வழியில் சேர்கிற வேறு இனத்துப் பெண் ஈக்கா அந்த இடத்துக்கு வருகிறாள்.

பெரிய மாற்றம் நெருப்பு உண்டாக்கும் வித்தையில்தான். நாவலில் தோள் குறுகிய, அழிந்துகொண்டிருக்கும் வா என்ற இனத்தார் கல்லிலிருந்து தீ எடுக்கக் கற்றுத் தருகிறார்கள். படத்தில் ஈக்காவின் கூட்டம் தீக்கடைகோலால் நெருப்பு எடுக்கிறது. கடைசியில், கொண்டுவந்த நெருப்பு தண்ணீரில் விழுந்து அணைந்த பிறகு, நாவோ கடைந்து பார்த்துத் தோற்கிறான், ஈக்கா கோலை வாங்கிக் கடைகிறாள். நாவலில் பெண் பரிசுப் பொருள். படத்தில் அவளே அறிவை வைத்திருப்பவள். தழுவல் மூலத்தைவிட உயர்ந்து நிற்கும் இடம் இது என்பது என் உறுதியான எண்ணம்.

இழந்ததும் உண்டு. வா இனத்தாரின் பகுதி நாவலிலேயே மிகச் சோகமானது, அது முழுக்கப் போய்விட்டது. மாமூத் எனும், அழிந்துபோன கம்பளி யானைக் கூட்டத்தோடு நாவோ கொள்ளும் நட்பு நாவலில் பல பக்கம் நீள்கிறது. படத்தில் ஒரு பிடி புல்லை நீட்டும் ஒரே காட்சியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் நாவல் மாந்தர்கள் காவிய நடையில் நீள நீளமாகப் பேசுவார்கள். அதைத் திரையில் அப்படியே வைத்திருந்தால் பத்து நிமிடம் தாங்காது. பேச்சை எடுத்துவிட்டு உடம்பை வைத்ததுதான் சரியான தழுவல் வேலை.

கேள்வி: அந்தக் கோலைக் கடையும் காட்சி பார்த்துவிட்டு மாடியில் முயன்றேன். புகை வருது, நெருப்பு வரல. உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். படத்தில் ஏமாற்றிட்டாங்களா?

ஏமாற்றவில்லை. அந்த முறை உண்மையானது, பல கண்டங்களில் மக்கள் பயன்படுத்தியது. புகை வந்தும் தணல் வராததற்கு, பத்தில் ஒன்பது முறை, பலகையில் வெட்டு இல்லாததுதான் காரணம்.

கோல் சுண்டுவிரல் பருமன், அதாவது 8 முதல் 12 மில்லிமீட்டர். நீளம் ஒன்றரை முதல் இரண்டு அடி. வளைவில்லாத, உள்ளே நெட்டி போன்ற சோறுள்ள, செடியிலேயே காய்ந்த தண்டு நல்லது. பலகை ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன். நகத்தை அழுத்தினால் தடம் விழுகிற மென்மரமாக இருக்க வேண்டும். பிசின் உள்ள மரம் வேண்டாம். தேக்கு போன்ற வைரமரமும் வேண்டாம், குழி வழவழப்பாகிக் கோல் சும்மா வழுக்கும்.

ஓரத்திலிருந்து சற்று உள்ளே கத்திமுனையால் சிறு குழி எடுத்து, கோலை அதில் நிறுத்தி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, குழி கருகும்வரை கடையுங்கள். பிறகு பலகையின் ஓரத்திலிருந்து குழியின் நடுவை நோக்கி ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு போதும். உதிரும் மரத்தூள் அங்கே குவிய வேண்டும். வெட்டு இல்லாவிட்டால் தூள் குழியைச் சுற்றிச் சிதறி, சூடு சேராமல் ஆறிவிடும். வெட்டுக்கு அடியில் காய்ந்த இலை ஒன்றை வையுங்கள்.

ஆரம்பத்திலேயே வேகம் காட்டக்கூடாது. முதலில் மெதுவாகக் கடைந்து வெட்டை நிரப்புங்கள். உள்ளங்கை கோலின் அடிக்கு இறங்கியதும் மேலே எடுக்கிற அந்த நொடியில் சூடு போய்விடும். ஒரு கை கோலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றது மேலே போக வேண்டும். வெட்டு நிறைந்த பிறகுதான் முழு வேகமும் முழு அழுத்தமும். தூளின் நிறத்தைப் பாருங்கள். வெளிர்பழுப்பாக இருந்தால் அழுத்தம் போதவில்லை. சொரசொரப்பாக, நார்போல வந்தால் மரம் ஈரம். கறுத்த, மாவு போன்ற தூள்தான் தணலாகும். கோலை எடுத்த பிறகும் தூள் குவியலிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தால் தணல் பிடித்துவிட்டது. அவசரப்பட்டு ஊதாதீர்கள். கையால் மெல்ல விசிறி, அது இறுகியதும் நன்றாகப் பிரித்த காய்ந்த தேங்காய் நாருக்குள் வைத்து, நீண்ட மூச்சாக ஊதுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், மாடியில் கீற்றுக் கொட்டகை இருந்தால் அங்கே செய்யவே வேண்டாம்.

இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் நாவோ தோற்கும் அந்தக் கடைசிக் காட்சியின் அருமை புரியும். முறையைக் கண்ணால் பார்த்திருக்கிறான், ஆனால் கைக்குப் பழக்கமில்லை.

கேள்வி: நாவலில் வருகிற மாதிரி இரண்டு கல்லைத் தட்டினால் போதுமா?

எந்த இரண்டு கல்லும் ஆகாது. சக்கிமுக்கிக் கல் இரண்டைத் தட்டினால் வரும் பொறி பஞ்சைக்கூடப் பற்றவைக்காது. ஒன்று இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் அல்லது மார்கசைட் கல்லாக இருக்க வேண்டும். அதிலிருந்து பெயரும் துகள்தான் காற்றில் எரியும். ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 ஆண்டு பழைய ஏட்சி மனிதனிடம் மரங்களில் குளம்பு வடிவில் வளரும் காளானின் பஞ்சு இருந்தது, அதில் பைரைட் துகள் ஒட்டியிருந்தது.

கேள்வி: நெருப்பை வைத்திருக்கத் தெரியும், உண்டாக்கத் தெரியாதாம். கதைக்காக அடித்துவிட்டதுதானே?

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தொல்லியலாளர்கள் இன்றும் வாதிடும் விஷயம் இது. பிரான்ஸின் தோர்தோன் பகுதியில் பெஷ் தெ லாஸே, ரோக் தெ மார்சால் என்ற, நியண்டர்தால் எனும் அழிந்துபோன மனித இனத்தார் வாழ்ந்த இரு இடங்களில், வெப்பமான காலத்து அடுக்குகளில் நெருப்பின் தடயம் நிறைய, கடுங்குளிர் காலத்து அடுக்குகளில் மிகக் குறைவு. குளிரில்தானே நெருப்பு அதிகம் வேண்டும்? மின்னல் குறைந்த அந்தக் கடுங்குளிர் காலத்தில் இயற்கை நெருப்பு கிடைக்காததால் இப்படி, அதாவது அவர்களுக்கு உண்டாக்கத் தெரியவில்லை என்று ஒரு தரப்பு. மறுதரப்பு, 2018இல், சுமார் 50,000 ஆண்டுப் பழைய நியண்டர்தால் கைக்கோடரிகளில் பைரைட்டால் தட்டிய தேய்மானத் தடங்களைக் காட்டியது. ஆக, எல்லாக் கூட்டத்துக்கும் எல்லாக் காலத்திலும் ஒரே திறமை இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு கூட்டத்துக்குத் தெரிந்தும் பக்கத்துக் கூட்டத்துக்குத் தெரியாமல் இருப்பது நடக்கக்கூடியதே.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. நெருப்பை எலும்புக் கூண்டில் வைத்து எடுத்துப் போகிறார்களே, அது திரைக்காக. அழகாகத் தெரியும், ஆனால் நாலாபுறமும் காற்று புகுந்தால் தணல் சீக்கிரம் எரிந்து தீரும். ஏட்சி மனிதன் வைத்திருந்தது மரப்பட்டைக் குடுவை, உள்ளே மேப்பிள் இலையில் சுற்றிய கரித்துண்டுகள். காற்று கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், முழுக்க அடைத்தாலும் அணையும்.

கேள்வி: வரலாற்றுப் பிழைகளைச் சொல்லுங்க அண்ணா. நண்பர்களோட ஒரு பந்தயம்.

பந்தயத்தில் வெல்ல ஈட்டி எறிகோல் ஒன்றே போதும். ஈக்காவின் கூட்டத்திடம் கற்றுவந்து, கடைசியில் எதிரிகளை வீழ்த்துவது அதனால்தான். கையில் கிடைத்துள்ள மிகப் பழைய எறிகோல் சுமார் 17,500 ஆண்டுக்கு முந்தையது, படத்தின் காலமோ 80,000.

அடுத்தது ஒரே நிலத்தில் எல்லாரும் கூடியிருப்பது. அந்தக் காலத்தில் ஹோமோ சேப்பியன்ஸ், அதாவது நம் இனத்தார், ஆப்பிரிக்காவிலும் அதை ஒட்டிய மேற்காசியாவிலும் இருந்தார்கள். ஐரோப்பாவில் அவர்கள் நிலைத்தது சுமார் 45,000 ஆண்டுக்கு முன்புதான். மாமூத் உலவிய புல்வெளியில் இத்தனை வகை மனிதர்கள் சில நாள் நடை தூரத்தில் வாழ்ந்தார்கள் என்பது, பல லட்சம் ஆண்டுகளை ஒரு வாரத்தில் அடைத்த கதை.

பலர் சொல்லும் இன்னொரு பிழை அந்தக் கூனல் நடை. 1908இல் லா ஷபெல்-ஓ-சான் குகையில் கிடைத்த நியண்டர்தால் எலும்புக்கூட்டை ஆராய்ந்த மார்செலின் பூல், அவர்கள் முழங்கால் மடங்கிக் கூனி நடந்தார்கள் என்று எழுதினார். ரோனி நாவல் எழுதியது அதே காலத்தில். அந்த எலும்புக்கூடு மூட்டுவாதம் வந்த முதியவருடையது, ஆரோக்கியமானவர் நம்மைப்போல் நிமிர்ந்தே நடந்திருப்பார் என்பது 1957இலேயே எழுதப்பட்டுவிட்டது. படக்குழு இதைத் தவிர்த்திருக்கலாம்.

நியண்டர்தாலும் நம் முன்னோரும் கலந்தார்களா என்பதில் மட்டும் படத்தின் கணிப்பு காலத்துக்கு முந்தியது. வெவ்வேறு இனங்கள் கூடுவதை 1981இல் கற்பனை என்றார்கள். 2010இல் மரபணு வரைவு வந்தபோது ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள நம் எல்லாரிடமும் நியண்டர்தால் பங்கு சிறிதளவு இருப்பது தெரிந்தது.

கேள்வி: மாமூத் என்று யானைக்குக் கம்பளி போர்த்தியது அப்பட்டமாகத் தெரியுதே!

ஆமாம், பழக்கிய யானைகளுக்கு உரோம உடையும் பெரிய தந்தமும் மாட்டியதுதான். வாள்பல் புலிகளாக வருவதும் ஒப்பனை செய்த சிங்கங்களே. கணினி வரைகலைக்கு முந்தைய படம். ஆனால் யானையின் உண்மையான எடையும் தரை அதிர்வும் அந்தக் காட்சியில் இருக்கின்றன. மனித ஒப்பனையில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஆண்டு ஒப்பனைக்கான ஆஸ்கருக்குப் போட்டியிட்டவை இரண்டே படங்கள், மற்றது எட்டு விருது வாங்கிய ‘காந்தி’. இந்தப் பிரிவில் வென்றது ‘குவெஸ்ட் ஃபார் ஃபயர்’தான்.

கேள்வி: ‘தி க்ளான் ஆஃப் தி கேவ் பேர்’ இதைவிட நல்ல படம் என்கிறாள் என் தங்கை. சரியா?

நாவல் என்றால் தங்கை பக்கம் நிறைய நியாயம் உண்டு. ஜீன் எம். ஆவெல் 1980இல் எழுதியது, மூலிகை, கல்லாயுதம், தோல் பதனிடுதல் எல்லாம் பக்கம் பக்கமாக வரும். ஒற்றைக் கையுள்ள மந்திரவாதி கிரெப், ஈராக்கின் ஷானிதர் குகையில் கிடைத்த, கை சூம்பிய நியண்டர்தால் முதியவரின் எலும்புக்கூட்டை வைத்துப் படைக்கப்பட்டவர். அப்படி ஒருவர் முதுமைவரை வாழ்ந்தார் என்றால் கூட்டம் அவரைப் பேணியிருக்கிறது என்ற வாதம் நாவலின் உயிர்.

1986இல் வந்த படம் அதைத் தவறவிட்டது. சைகை மொழியை வைத்தார்கள், ஆனால் நம்பிக்கை இல்லாமல் சப்டைட்டிலும் போட்டு, விளக்கக் குரலும் சேர்த்தார்கள். மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. டேரில் ஹன்னா காட்டில் வளர்ந்த பெண்ணாக அல்லாமல், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்போல இருப்பதும் உறுத்துகிறது. வசூலிலும் தோல்வி. தங்கையிடம் நாவலை ஒப்புக்கொண்டு படத்தை மறுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பில் வரலாறு எடுக்கிறேன். மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா ஐயா?

முழுப் படம் கூடாது, அம்மா. தொடக்கத்திலேயே ஒரு பெண் பலவந்தப்படுத்தப்படும் காட்சி உண்டு. நரமாமிசம், ரத்தம், நிர்வாணம் எல்லாம் வரும். அமெரிக்காவில் இதற்கு வயதுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ்தான் கொடுத்தார்கள். ஆண் பெண் உறவு மெல்ல மெல்லப் பலவந்தத்திலிருந்து அன்புக்கு மாறுவதைக் காட்டவே அந்தக் காட்சிகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு அது புரியும், பதினொரு வயதுக்கு வேண்டியதில்லை.

வகுப்புக்கு இரண்டு துண்டுகள் போதும். புலிகளுக்குப் பயந்து மூவரும் மரத்தில் ஏறி, இலை எல்லாவற்றையும் தின்று தீர்க்கும் காட்சி. நாவோ புல்லோடு மாமூத்தை அணுகும் காட்சி. தீக்கடையும் காட்சியைக் காட்ட ஆசை வரும், ஆனால் ஈக்காவின் ஊரில் உடலில் வண்ணம் மட்டுமே பூசியவர்கள் சுற்றி இருக்கிறார்கள். அதற்குப் பதில் கோலும் பலகையும் கொண்டுபோய் நீங்களே செய்து காட்டுங்கள். தணல் வராவிட்டாலும் பரவாயில்லை, கறுத்த தூளையும் புகையையும் பிள்ளைகள் பார்த்தால் போதும். தொடக்க, முடிவு நேரங்களை முதல் நாளே குறித்து, அந்தத் துண்டுகளைத் தனியாக வெட்டி எடுத்துப் போங்கள். வகுப்பில் ஓட்டித் தேடும்போதுதான் வேண்டாத காட்சி வந்து நிற்கும்.