புது ஊரில் புதுக் குடித்தனம்: வீட்டு முன்பணம் முதல் மிக்ஸி பிளக் வரை

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், வேலைக்காக மலேசியா வந்து குடித்தனம் தொடங்கும் இளம் தம்பதிகளுடையவை. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: திருமணமாகி மூன்று மாதம் ஆகிறது. கணவர் கோலாலம்பூரில் வேலையில் சேர்ந்து, கம்பெனி விடுதியில் தங்கியிருக்கிறார். நானும் அடுத்த மாதம் போகிறேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் 2,000 ரிங்கிட் வாடகைக்கு ஒரு கொண்டோவை (அடுக்குமாடி வீட்டை)ப் படத்தில் பார்த்தோம். "வீட்டைப் பிடித்து வைக்க ஒரு மாத வாடகையை என் கணக்கில் போடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். போடலாமா? மொத்தம் எவ்வளவு ஆகும்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: போடாதீர்கள், அம்மா. கணவர் அதே ஊரில்தானே இருக்கிறார்? அவர் போய்க் கதவைத் திறந்து பார்க்கும்வரை ஒரு சென்கூட நகரக் கூடாது.

மலேசியாவில் வீட்டுத் தரகர்களுக்குப் பதிவு உண்டு. முறையான ஏஜென்டின் அட்டையில் பெரும்பாலும் 'ஆர்.இ.என்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை, தரகர்களைப் பதிவு செய்யும் எல்.பி.பி.இ.எச். வாரியத்தின் இணையதளத்தில் தட்டினால் அவர் பெயரும் நிறுவனமும் வரும். பணம் அந்த நிறுவனத்தின் கணக்குக்கோ வீட்டு உரிமையாளர் கணக்குக்கோதான் போக வேண்டும். ஏஜென்டின் சொந்தக் கணக்குக்குக் கேட்டாலே அங்கே நின்றுவிடுங்கள். கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்திலும் போட்டுப் பாருங்கள். அந்த எண்மீது ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். புகார் இல்லை என்று வந்தால் அதையே நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம், புதிதாகத் திறந்த கணக்காகவும் இருக்கலாம். ஏமாந்து பணம் போட்டுவிட்டவர்கள் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்தால்தான் உண்டு.

உரிமையாளர் யார் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் பெயரில் உள்ள மதிப்பீட்டு வரி (வீட்டு வரி) பில்லையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

இனி கணக்கு. வழக்கமாகக் கேட்பது இரண்டு மாதப் பாதுகாப்பு முன்பணம், அரை மாத மின்-தண்ணீர் முன்பணம், முதல் மாத வாடகை. உங்களுக்கு 4,000 + 1,000 + 2,000, ஆக 7,000 ரிங்கிட். வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் தொகை தனியல்ல, முதல் மாத வாடகையாகக் கழிய வேண்டும். அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். நுழைவு அட்டைக்குத் தனி முன்பணம் உண்டா என்றும் கேளுங்கள். ஏஜென்டின் தரகுக் கூலியைக் கொடுப்பது பொதுவாக உரிமையாளர்தான்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு. 2025 ஜனவரி 1 முதல் ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு நீங்கிவிட்டது. ஓராண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட், ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 ரிங்கிட். உங்கள் ஆண்டு வாடகை 24,000. ஓராண்டுக்கு 96 ரிங்கிட், இரண்டாண்டுக்கு 288 ரிங்கிட், இரண்டாவது பிரதிக்கு 10 ரிங்கிட். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை இட வேண்டும். "எதற்கு வீண்செலவு" என்று சிலர் தவிர்க்கச் சொல்வார்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாத நாட்டில் அந்தத் தாள்தான் உங்கள் ஒரே பிடி.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பது. மற்றொன்று, வேலை அனுமதி முடிந்தாலோ கம்பெனி வேறு நாட்டுக்கு மாற்றினாலோ இடையில் விலக வழி விடும் பிரிவு. இதை 'டிப்ளோமேட்டிக் கிளாஸ்' என்பார்கள். பெரும்பாலும் 12 மாதம் இருந்த பிறகு, இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்று எழுதுவார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இது இல்லாமல் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கேட்டால் சேர்ப்பார்கள். கேட்காமல் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

சாவி வாங்கும் நாளில் மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களைப் படம் எடுங்கள். ஏசி ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் ஓடவிட்டுக் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். சுவர்க் கீறல், கழிவறை ஓட்டை, மெத்தைக் கறை எல்லாவற்றையும் படம் பிடித்து அன்றைக்கே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் இரண்டு ஆண்டில் கைப்பேசி மாறும், படமும் போகும். முன்பணத்தில் பிடித்தம் அதிகம் விழுவது ஏசி சர்வீஸில்தான். ஒப்பந்தம் சொல்லும் இடைவெளியில் சர்வீஸ் செய்து ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் குடியேறப் போகிறோம். மிக்ஸி, கிரைண்டர், குக்கர் எல்லாம் ஊரிலிருந்து கொண்டுவரலாமா, பினாங்கிலேயே வாங்கலாமா? பிளக் மாறுமாமே?
(தம்பதியர், மதுரை)

பதில்: மிக்ஸியைக் கொண்டுவாருங்கள், கிரைண்டரை இங்கே வாங்குங்கள். டேபிள்-டாப் கிரைண்டரின் கல்லே உங்கள் விமானச் சுமையில் பெரும் பங்கைத் தின்றுவிடும், வழியில் பேசின் நெளியவும் செய்யும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார், லெபோ குவீன் பக்கம் விசாரியுங்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு மஸ்ஜித் இந்தியாவும் பிரிக்பீல்ட்ஸும். வாங்கும்போது மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை ஒட்டியிருக்கிறதா, உத்தரவாத அட்டை உள்ளூர் முகவருடையதா என்று பாருங்கள். இந்திய உத்தரவாதத்துக்கு இங்கே மதிப்பில்லை.

மின்சாரத்தில் சிக்கல் இல்லை. இரண்டு நாட்டிலும் 230-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். வெளிநாட்டுக்கு என்று சொன்னதும் சென்னைக் கடைகளில் அமெரிக்காவுக்கான 110 வோல்ட் மிக்ஸியை எடுத்துக் கொடுத்துவிடுவதுண்டு. அதை இங்கே செருகினால் மோட்டார் புகைந்துவிடும். அடியில் உள்ள தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாறுவது பிளக்தான். இங்கே மூன்று தட்டைக் கால், உள்ளே பியூஸ். உருண்டைக் கால் பிளக்கை வைத்துக்கொண்டு, மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ விட்டு மூடியைத் திறந்து அழுத்துவதைப் பல வீடுகளில் காணலாம். கால்கள் சரியாகப் பிடிக்காமல் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். எர்த்தும் சேராது. மாவரைக்கும் ஈரக் கையோடு எர்த் இல்லாத மிக்ஸியைத் தொடுவது உயிரோடு விளையாடுவது.

சிரிம் முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக் வாங்கி, பழையதை வெட்டிவிட்டு மாற்றுங்கள். திறந்தால் உள்ளே எல், என், இ என்று பொறித்திருக்கும். பழுப்பு ஒயர் பியூஸ் இருக்கும் எல் பக்கம், நீலம் என் பக்கம், பச்சை-மஞ்சள் மேலே இ-யில். பழைய இந்தியக் கம்பியில் சிவப்பு எல், கறுப்பு என், பச்சை இ. எர்த் ஒயரை மற்றவற்றைவிடச் சற்று நீளமாக விடுங்கள். கம்பி இழுபட்டால் அது கடைசியாகத்தான் கழல வேண்டும். அடியில் உள்ள கிளிப், ஒயரின் வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள்ளே உள்ள சின்ன ஒயர்களை அல்ல. பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். கடையில் பிளக்கோடு 13 ஆம்பியர் பியூஸ்தான் வரும். 750 வாட் மிக்ஸி இழுப்பது சுமார் 3 ஆம்பியர், ஆகவே 5 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். ஒயர் நிறம் புரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவது நல்லது.

குக்கருக்குக் கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு, மிக்ஸி ஜாருக்கு வாஷர் நாலு கூடுதலாக எடுத்து வாருங்கள். அதற்கு முன் வீட்டில் என்ன அடுப்பு என்று கேளுங்கள். சில கொண்டோக்களில் கேஸ் சிலிண்டருக்கு அனுமதியில்லை, இண்டக்‌ஷன்தான். சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டினால் மட்டும் கொண்டுவாருங்கள்.

குளியலறை வாட்டர் ஹீட்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அதற்கு 10 மில்லி ஆம்பியர் மின் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். அதில் 'டி' (T) என்ற பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் உரிமையாளர் மாற்றித் தரும்வரை ஹீட்டரைத் தொடாதீர்கள். குடியேறும் நாளிலும், பிறகு மாதம் ஒருமுறையும் அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு பேர்தான் இருக்கிறோம், மின் கட்டணம் திடீரென்று எகிறுகிறது. ஏன்?
(வாசகர், செந்தூல்)

பதில்: 600 யூனிட்டைத் தாண்டியிருக்கிறீர்களா என்று பில்லில் பாருங்கள். 2025 ஜூலை முதல் உள்ள கட்டணத்தில், 600-க்குள் இருந்தால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் (ரீடெயில் சார்ஜ்) கிடையாது. தாண்டினால் அதுவும், தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். குறைவாகப் பயன்படுத்துவோருக்கான சிக்கனத் தள்ளுபடியும் யூனிட் ஏற ஏறச் சுருங்கி 1,000-க்கு மேல் நின்றுவிடும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் காரணம் அநேகமாக ஏசிதான். வடிகட்டியைக் கழுவி, 24-25 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் ஓடவிட்டு ஒரு மாதம் பாருங்கள். மீட்டரைப் பார்க்காமல் 'மதிப்பீட்டு' அளவில் பில் வந்திருந்தால், மீட்டர் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு மின் நிறுவனமான டி.என்.பி.யிடம் கேளுங்கள்.

கேள்வி: புது வீட்டுக்கு 1,800 ரிங்கிட்டுக்குச் சோபா வாங்கினோம். இரண்டே வாரத்தில் கால் முறிந்தது. "விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று ரசீதிலேயே இருக்கிறதே" என்கிறார்கள். நாங்கள் குடிமக்களும் இல்லை. விட்டுவிட வேண்டியதுதானா?
(தம்பதியர், அம்பாங்)

பதில்: விட வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ரசீதில் எதை அச்சடித்தாலும் அந்தக் கடமை போகாது. வாங்கியவர் குடிமகனா என்றும் சட்டம் கேட்பதில்லை.

முதலில் பழுதைப் படத்தோடு எழுதி, சரிசெய்யவோ மாற்றவோ 14 நாள் தவணை கொடுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும். 'போராங் 1' என்ற மனுப் படிவத்தை நிரப்பும்போது பெயர்ப் பலகையில் உள்ள கடைப் பெயரை எழுதிவிடாதீர்கள். ரசீதில் பதிவு எண்ணோடு உள்ள நிறுவனப் பெயரை எழுதுங்கள். தவறான பெயர்மீது தீர்ப்பு வாங்கினால் வசூலிக்க ஆளிருக்காது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். உடைந்த சோபாவை வழக்கு முடியும்வரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தமிழில் பேசி வழிகேட்க வேண்டுமென்றால், 1969 முதல் இயங்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டு முன்பணத் தகராறுக்கு இந்தத் தீர்ப்பாயத்தை நம்பிப் போகாதீர்கள். 5,000 ரிங்கிட் வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் நீங்களே தொடுக்கலாம்.

கேள்வி: வீட்டுக்கு இணைய இணைப்பு 24 மாத ஒப்பந்தத்தில்தான் தருகிறார்கள். எங்கள் வேலை அனுமதி ஓராண்டுதான். எடுக்கலாமா?
(வாசகி, சுங்கை நிபோங்)

பதில்: இடையில் நிறுத்தினால் எவ்வளவு அபராதம் என்பதை எழுத்தில் வாங்காமல் எடுக்காதீர்கள். முதல் மாதம் பாஸ்போர்ட்டைக் காட்டி ப்ரீபெய்ட் சிம் வாங்கி, ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுங்கள். இரவு எட்டு மணிக்குப் படுக்கையறையில் வேகம் போதுமாக இருந்தால் ஃபைபர் அவசரமில்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால், வீடு மாறும்போது இணைப்பையும் மாற்றித் தருவார்களா, வெளிநாட்டவருக்கு முன்பணம் உண்டா என்று கேளுங்கள். நிறுத்தும் நாளில் மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, அதன் வரிசை எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.